லேஸ் டீச்சரும் மேனேஜரும்

லேஸ் டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது பள்ளிக்கூட வேன் டிரைவர்தான். "ஷூ கட்டச் சொல்லிக்குடுக்கிற டீச்சர் யாருங்க?" என்று யாராவது அப்பா அம்மா வாசலில் வந்து கேட்டால், "நேராப் போங்க, எந்த ரூம்ல தரை பூரா ஷூவாக் கிடக்குதோ அந்த ரூம்" என்பார். பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் டீச்சரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

அது மெதுவாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கான பள்ளி. மற்ற பிள்ளைகள் ஆறு வயதில் போகிற போக்கில் கற்றுக்கொள்கிற ஒரு முடிச்சு, இங்கே ஒருவனுக்கு ஆறு மாதம் ஆகும், இன்னொருத்திக்கு ஆறு வருஷம் ஆகும். ஷூ கட்டுவதெல்லாம் ஒரு பாடமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களை டீச்சர் உட்கார வைத்து, இரண்டு கையிலும் தடித்த கையுறையை மாட்டிவிட்டு, "இப்ப கட்டுங்க பார்ப்போம்" என்பார். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

ஒரு ஷூ கட்டுவதை அவர் ஒன்பது படியாகப் பிரித்து வைத்திருந்தார். கடைசிப் படியைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார். எட்டுப் படியையும் தானே செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவார். பிள்ளை இழுக்கும், முடிச்சு விழும், 'நான் கட்டிட்டேன்' என்று குதிக்கும். அப்புறம் ஒவ்வொரு படியாகப் பின்னால் போவார். புதிதாக வேலைக்கு வரும் சின்ன டீச்சர்களிடம் சொல்வார்: "உதவி பண்றது ஒரு வித்தையே இல்லம்மா. பண்ற உதவியை ஒவ்வொண்ணா விலக்கிக்கிறதுதான் நம்ம தொழில். கடைசில நீ அங்க இருக்கவே கூடாது." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். இருக்காதா? இருபத்துமூன்று வருஷத்தில் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் அவர் கையில் லேஸ் கட்டக் கற்றிருக்கிறார்கள்.

அந்த வகுப்பில் மேனேஜர் என்று ஒரு பெண் இருந்தாள். வயது இருபது தாண்டிவிட்டது, பேசுவது சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தைதான். ஆனால் அதிகாரம் தூள் பறக்கும். யார் பையில் ஜிப் திறந்திருக்கிறது, எந்த ஃபேன் சும்மா ஓடுகிறது, எவன் சாப்பிட்ட டப்பாவைக் கழுவாமல் வைத்தான் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு சுற்று வருவாள். தலைமை ஆசிரியரின் மேஜைமேல் பேனா மூடி திறந்திருந்தால் அவருக்கும் திட்டு உண்டு. "எங்க ஸ்கூல்ல ஒழுங்கா வேலை பார்க்கிற ஆள் அவ ஒருத்திதான்" என்பார் அவர்.

அவளுக்கு அம்மா மட்டும்தான். அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறு ஆகிவிடும். இருபத்தொரு வயதுக்குமேல் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கப்புறம் என்ன செய்யப்போகிறாய் என்று டீச்சர் கேட்டதற்கு, அந்த அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "வெளிய பூட்டிட்டுத்தான் போகணும் டீச்சர். அடுப்பு இருக்கு, மூணாவது மாடி. வேற என்ன வழி?"

வழி ஒன்று இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு தொழிற்கூடத்தில் ஸ்பூன், ஃபோர்க், கை துடைக்கும் காகிதம் மூன்றையும் உறையில் போட்டு ஒட்டும் வேலை. இப்படிப்பட்ட பிள்ளைகளில் வருஷத்துக்கு ஆறு பேரை எடுப்பார்கள். இருபத்தொரு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எடுத்துவிட்டால் வயதாகும்வரை அங்கேயே இருக்கலாம், வண்டியும் அவர்களுடையது. மேனேஜர் மாதிரி ஒருத்தி அந்த வேலைக்கென்றே பிறந்தவள். ஒரே ஒரு சங்கடம். உள்ளே தள்ளுவண்டிகள் ஓடும் என்பதால் முன்பக்கம் இரும்பு வைத்த கனமான ஷூ போட வேண்டும். அது லேஸ் வைத்தது, அதைத் தானாகக் கட்டத் தெரிய வேண்டும். லேஸுக்குப் பதிலாக வெல்க்ரோ ஒட்டுப்பட்டை போட்டால் காகிதப் பிசிறெல்லாம் அதில் போய் அப்பிக்கொள்ளுமாம்.

"இதைப் போய் ஒரு சங்கடம்னு சொல்றியே, நான் எதுக்கு இருக்கேன்?" என்று டீச்சர் அந்த அம்மாவின் முதுகில் தட்டினார்.

ஐந்து மாதம் பாடுபட்டார். முதலில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் என்று லேஸ். பிறகு இரண்டும் கறுப்பு. முதலில் அவள் கைமேல் தன் கையை வைத்து. பிறகு வாயால் மட்டும். பிறகு வாயும் இல்லை. ஒவ்வொன்றையும் விலக்கியபோது நோட்டில் தேதி போட்டுக் குறித்தார். கடைசிப் பக்கத்தில் 'உதவி: எதுவும் இல்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டார். வீட்டிலும் இதே மாதிரி செய்யச் சொல்லி அந்த அம்மாவை இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்த்திக் காட்டினார். அவளும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

தொழிற்கூடத்தில் ஆள் எடுக்கும் தேர்வுக்குக் கூட வந்தவர்கள் வெளியில்தான் இருக்க வேண்டும். டீச்சர் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் கழித்து தொழிற்கூடத்துப் பொறுப்பாளர் வெளியே வந்து, "உறை போடுறதுல அசத்துறா டீச்சர். ஆனா ஷூ கட்டத் தெரியல. முதல் முடிச்சைப் போட்டுட்டு லேஸைப் பிடிச்சபடியே உட்கார்ந்திருக்கா" என்றார். டீச்சருக்குச் சுருக்கென்றது.

"கட்டத் தெரியலையா? அதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு சார்! தினம் என் கண்ணால பார்க்கிறேன். புது இடம், பயந்திருப்பா. இன்னொரு தடவை பாருங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்த மனுஷரும் நல்லவர்தான். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வரும் வழியில் டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டி கட்டாம உட்கார்ந்த? வாயில கொழுக்கட்டையா? சொல்லு."

"யாரும் வரல டீச்சர்" என்றாள் மேனேஜர்.

"யார் வரணும் உனக்கு? மகாராணிக்கு ஆள் வந்து கட்டிவிடணுமா?"

இருபத்துமூன்று வருஷத்தில் அவர் ஒரு பிள்ளையிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மேனேஜர் வண்டி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு வாரமும் டீச்சர் அவளைத் தினம் நாற்பது தடவை கட்ட வைத்தார். நாற்பது தடவையும் பிசகாமல் கட்டினாள். இவள் வேண்டுமென்றுதான் செய்திருக்கிறாள் என்றுகூட டீச்சருக்கு ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. பிற்பாடு அதை நினைத்து நினைத்து அவர் தலையில் அடித்துக்கொண்ட தடவைகளுக்குக் கணக்கே இல்லை.

இரண்டாவது தடவையும் அதே கதைதான். பொறுப்பாளர் இந்தமுறை நிற்கக்கூட இல்லை. "இதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க டீச்சர். வரிசைல ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளிப்படியில் இறங்கும்போது டீச்சரின் ஷூ லேஸ் அவிழ்ந்து காலில் மாட்டியது. இருந்த ஆத்திரத்தில் காலைப் படிமேல் தூக்கி வைத்து, வெடுக்கென்று முதல் முடிச்சைப் போட்டார். மேனேஜர் சட்டென்று பக்கத்தில் குந்தினாள். தன் ஆள்காட்டி விரலை நீட்டி அந்த முடிச்சின்மேல் அழுத்தி வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வெச்சிட்டேன் டீச்சர். கட்டுங்க."

டீச்சரின் கை அப்படியே நின்றுவிட்டது. முதல் முடிச்சு தளராமல் இருக்க அதன்மேல் விரல் வைப்பது. ஐயோ! எத்தனை தடவை? இந்த ஐந்து மாதமும், போன வாரம் தினம் நாற்பது தடவையும், அவருடைய விரல் தானாகப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நிறத்தை விலக்கினார், கையை விலக்கினார், பேச்சை விலக்கினார். விரல் அங்கே இருப்பதே தெரியாததால் அதை மட்டும் விலக்கவில்லை. உள்ளே லேஸைப் பிடித்துக்கொண்டு இவள் காத்திருந்தது அந்த விரலுக்குத்தான். யாரும் வரல என்று வாய் திறந்து சொல்லவும் செய்தாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

சாயங்காலம் அந்த அம்மா வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "என்னடி, இன்னிக்கும் மானத்தை வாங்கிட்டியா?" என்று மகளைப் பார்த்துக் கை ஓங்கினாள்.

சும்மா இருந்திருந்தால் பழி அந்தப் பெண் தலையிலேயே போயிருக்கும். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஓங்கிய கையை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"அவளை அடிக்காத. தப்பு என்னோடது. நான் விரல் வெச்சுவெச்சுப் பழக்கிட்டேன். விரல் வெச்சாத்தான் கட்டணும்னு அவ நினைச்சுட்டா. இரண்டு பேர் சேர்ந்து பண்ற வேலைன்னு நினைச்சுட்டா."

அந்த அம்மா கையை இறக்கினாள். பிறகு தன் விரலைப் பார்த்தபடி சொன்னாள்: "நானும்தான் வெச்சேன் டீச்சர். நீங்க பண்ணினதைப் பார்த்து அப்படியே பண்ணினேன். அது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீச்சருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மறுநாளிலிருந்து டீச்சர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லிக்கொடுத்தார். மேனேஜர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அவரைப் பார்ப்பாள். அவர் அசைய மாட்டார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, "சாரி டீச்சர்" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் முடிச்சு தளரத் தளர அவளே இழுத்துக் கட்டினாள், காதுமாதிரி வளையம் வந்தது, அவிழ்ந்தது. எட்டாம் நாள் நின்றது. பதினோராம் நாள் இரண்டு காலையும் தானாகவே கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். வகுப்பே கைதட்டியது. டீச்சர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். ஐந்து மாதம் வீண். தேவைப்பட்டது பதினோரு நாள்!

அன்றைக்கே தொழிற்கூடத்துக்கு ஃபோன் போட்டார். ஆறு இடமும் நிரம்பிவிட்டது. அடுத்த வருஷம் என்றால் வயது தாண்டிவிடும். நேரில் போனார், கெஞ்சினார், மேலிடத்துக்கு எழுதினார், 'என் தவறு' என்று கையெழுத்துப் போட்டே எழுதினார். விதி விதிதான் என்று பதில் வந்தது. இரண்டு மாதத்தில் மேனேஜருக்கு இருபத்தொன்று முடிந்தது. பள்ளி அவளை மாலை போட்டு அனுப்பிவைத்தது.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா ஃபோன் செய்தாள். "ஒரு தடவை காலைல வந்துட்டுப் போங்க டீச்சர். என்னால முடியல."

டீச்சர் ஆறே முக்காலுக்கெல்லாம் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கதவுக்கு உள்பக்கம் மேனேஜர் நின்றிருந்தாள். தலை வாரி, பை மாட்டி, தேர்வுக்கென்று வாங்கிய இரும்பு வைத்த கறுப்பு ஷூவைக் கட்டிக்கொண்டு. இரண்டு முடிச்சும் அளந்துவைத்த மாதிரி சமமாக இருந்தன.

"தினம் இப்படித்தான்" என்றாள் அம்மா. பூட்டு அவள் கையில் இருந்தது. "எனக்கு முன்னாடியே எழுந்து கட்டிட்டு வந்து நிக்கிறா. வேலைக்குங்கிறா. நான் தள்ளிட்டுப் பூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் வந்து பார்த்தா ஷூவோடயே உட்கார்ந்திருக்கா. நான் கழட்டினா கத்துறா. நீங்க சொன்னாக் கேப்பா. கழட்டிடச் சொல்லுங்க டீச்சர்."

என்ன சொல்வது? வேலை இருக்கிறது, உனக்கான இடம்தான் போய்விட்டது என்றா? டீச்சர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். வலது காலின் லேஸ் நுனியைப் பிடித்து இழுத்தார். இடது காலுடையதையும் இழுத்தார். மேனேஜர் கத்தவில்லை. வகுப்பில் டீச்சர் லேஸை அவிழ்த்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

"இன்னொரு தடவையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அவர் கையை நாசூக்காக ஒதுக்கித் தள்ளினாள். குனிந்து முதல் முடிச்சைப் போட ஆரம்பித்தாள்.