திருப்பிப் போட்ட மீன்

லுவா அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் தெருவில் யாருமில்லை. முக்காலி ஆடுகிறது என்று குறை சொன்ன ஒரு வாத்தியாரிடம், "முக்காலி சரியாத்தான் சார் இருக்கு, நேத்து நீங்க குடிச்சதுதான் இன்னும் இறங்கலை" என்றாள். அவர் மறுநாளும் வந்தார். வராமல் என்ன செய்வார்? குயிநியோன் கடற்கரையில் பாரை மீனைக் கரியில் சுட்டு இவளைப்போல் பதமாக எடுக்க வேறு ஆளில்லை. தோல் கருகாது, உள்ளே ஈரம் வற்றாது. மேலே வெங்காயத்தாள் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், இடித்த வேர்க்கடலை. நனைத்த அரிசித்தாளில் மீனையும் கீரைகளையும் வாழைக்காய்ச் சீவலையும் வைத்துச் சுருட்டி, மிளகாய் நசுக்கிய மீன்சாற்றில் தோய்த்து வாயில் வைத்தால் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் அவள் கடலோரத்தில் பிறந்தவள் இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் நெல்லும் மரவள்ளியும் விளைகிற ஊர். டாங் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது நாலு மீனுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. மாமியார் வீட்டு முதல் சாப்பாட்டில், மீனின் மேல்பக்கத்தைத் தின்றுவிட்டு மறுபக்கத்துக்காகத் திருப்பப் போனாளாம். மாமியார் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். எங்கள் தெருவில் பல் முளைக்கும்போதே குழந்தைக்கு இது தெரிந்துவிடும்: தட்டுக்கு வந்த மீனைத் திருப்பினால் படகு கவிழும். அடுப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டிக்கொள்ளலாம், அது வேறு. தட்டில் மேல்சதை தீர்ந்ததும் தலையைப் பிடித்து நடுமுள்ளை உரித்துத் தூக்கிவிட வேண்டும். அடிச்சதையை அப்படியே எடுத்துத் தின்ன வேண்டும். லுவா அக்கா கற்றுக்கொண்டாள், பிள்ளை பெற்றாள், கடை போட்டாள், பேர் வாங்கினாள். இருந்தாலும் தெருவுக்கு அவள் இன்னும் 'வயக்காட்டுக்காரி'தான்.

நான் வெளியூர்க்காரர்களைத் தெருத்தெருவாகச் சாப்பிடக் கூட்டிப் போகிறவள். பெருமையான வேலை என்று சொல்லமாட்டேன். பாதிப்பேர் படம் எடுத்தே சாப்பாட்டை ஆறவைத்துவிடுவார்கள். மீதிப்பேர் கீரையைத் தூக்கிப் பார்த்து, கழுவியதா என்று கேட்பார்கள். போலந்திலிருந்து வந்த மாக்டா அப்படியில்லை. வடக்கே தலைநகரில் ஆரம்பித்து ரயிலில் ஊர் ஊராக இறங்கி, நடைபாதையில் எது கொதித்தாலும் உட்கார்ந்துவிடுகிற பெண். விரலை நக்குவாள். பேர் தெரியாத எதையும் முதலில் வாயில் போட்டுவிட்டு அப்புறம்தான் என்னவென்று கேட்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அந்த வாரம் புயல் எங்கள் கரையைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போயிருந்தது. வானம் வெளுத்துவிட்டது. தீவுகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த படகுகள் ஒவ்வொன்றாக வயர்லெஸ்ஸில் குரல் கொடுத்தன. டாங் அண்ணன் வேலை செய்த படகு மட்டும் முந்தின நாள் மத்தியானத்தோடு பேச்சை நிறுத்தியிருந்தது. கணவாய் பிடிக்கப் போன படகு, ஏழு பேர். எங்கள் தெரு நியான் அத்தையின் ஒரே மகன் கோய் அதில்தான் இருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வயர்லெஸ் பெட்டி படகுச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தது, லுவா அக்கா கடைக்கு நேர் எதிரே. ஏழு வீட்டுப் பெண்களும் அந்த வாசலிலும் கடை முக்காலிகளிலுமாகக் காத்துக் கிடந்தார்கள்.

அன்றைக்கு மாக்டாவை அங்கே கூட்டிப் போக எனக்கு மனமில்லை. ராத்திரி ரயிலில் அவள் தெற்கே கிளம்புகிறாள்; பாரை மீனைத் தின்னாமல் போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். லுவா அக்காவே போன் பண்ணினாள்.

"கூட்டிட்டு வாடி ஹான். கடையை மூடிட்டு வீட்டுல உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். நாலு பேர் தின்னுட்டிருந்தா கையாவது ஓடும்."

போனோம். தெருவில் பேச்சே இல்லை. பெட்டி மட்டும் கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. லுவா அக்கா கரியை விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நக்கல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைப்பூனை அடுப்போரம் வந்தபோது மட்டும் விளக்குமாற்றை ஓங்கினாள். அது அலறிக்கொண்டு ஓடியது. அந்த வாரம் முழுக்க அந்தப் பூனைமேல் அவளுக்கு ஏதோ கோபம்.

வழக்கமாக, மீன் வந்ததும் நடுமுள்ளை நானே உரித்துக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்திருப்பேன். தட்டு வந்து மாக்டா தின்ன ஆரம்பித்த சற்று நேரத்தில், எதிர்வீட்டுப் பெட்டியில் ஓர் ஆண்குரல் கேட்டது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். நானும் ஓடினேன். யாரோ வேறு படகுக்காரன், ஐஸ் கிடைக்குமா என்று கேட்டான். நியான் அத்தை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு நாங்கள் திரும்பினோம்.

அங்கே மாக்டா மேல்சதையைத் தின்று முடித்திருந்தாள். எங்கள் கண்முன்னாலேயே, ஒரு கையால் தலையையும் மறுகையால் வாலையும் பிடித்து, சிந்தாமல் சிதறாமல், மீனைத் திருப்பி வைத்தாள். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நியான் அத்தை எங்கள் பிடியிலிருந்து விடுபட்டு நடந்துபோய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பற்றினார்.

"என் புள்ளையைக் கவுத்துட்டியேடி."

வெளியூர்ப் பெண், அவளுக்கு நம் வழக்கம் தெரியாது, தப்பு என்மேல்தான் என்று நான் நடுவில் புகுந்தேன். "அவ தெரிஞ்சு செஞ்சாளா தெரியாம செஞ்சாளான்னு கடல் கேட்டுட்டு நிக்குமா?" என்றார் அத்தை. பின்னால் நின்றவர்களுக்கும் அப்போது வாய் திறந்தது. ஆம்பளைகள் கடலில் கிடக்கும்போது காசுக்காக வெள்ளைக்காரியை அழைத்து வந்தவள் என்று என்னைப் பிடித்தார்கள். ஒருத்தி, படகு வராவிட்டால் ஏழு பேரையும் இந்த வெள்ளைக்காரிதான் தின்றாள் என்றாள். அத்தையின் நகம் மாக்டாவின் தோலில் பதிந்திருந்தது. அப்படி என்ன செய்துவிட்டேன் என்று அவள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

லுவா அக்கா இடுக்கியைக் கரியிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

"அவளை விடுங்க அத்தை. படகு பேசாம போனது நேத்து மத்தியானம். இவ மீனைத் தொட்டது இப்பத்தான். கவுத்தது இவ இல்லை. நான்."

அப்புறம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். படகு கிளம்பிய அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை. அவளுடைய அப்பாவுக்குத் திதி வருகிறது, இந்த முறையாவது இரும் என்றிருக்கிறாள். அமாவாசை இருட்டில்தான் கணவாய் விளக்குக்கு வரும், செத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றிருக்கிறார் டாங் அண்ணன். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் கை கழுவப் போய்விட்டார். தட்டில் பொரித்த அயிலை பாதி தின்றபடி கிடந்தது. இவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மீனைப் பிடித்துப் பட்டென்று திருப்பிப் போட்டுவிட்டுத் தெருவுக்கு நடந்துவிட்டாள்.

"கை தவறி இல்லை. வேணும்னேதான் செஞ்சேன். அஞ்சு நிமிஷத்துல மனசு கேக்காம திரும்பி ஓடினேன். அவரு கிளம்பிட்டாரு. தட்டுல முள்ளுதான் கிடந்தது. இந்தப் பூனை தின்னுட்டுப் போயிருந்துச்சு."

நியான் அத்தை மாக்டாவின் கையை விட்டார். லுவா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வயக்காட்டுக்காரியை வீட்டுக்குள் விட்டால் வேறென்ன நடக்கும் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, ஊதுபத்திக் கட்டை எடுத்துக்கொண்டு கடலில் காக்கிற திமிங்கிலச் சாமி கோயிலுக்கு நடந்தார். அத்தனை பேரும் பின்னால் போனார்கள். கடைசியாகப் போனவள் திரும்பி, நீ அந்தப் பக்கம் வந்துவிடாதே என்றாள்.

எனக்கு லுவா அக்காமேல்தான் கோபம் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமே. மாக்டா ராத்திரி ரயிலேறிப் போய்விடுவாள், பழியும் அவளோடு போயிருக்கும். இவளோ சாகும்வரை இந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும். படகு வராவிட்டால், புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தோடு ஆறு வீட்டுச் சாபத்தையும் சுமக்க வேண்டும். இதை அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். இடுக்கியைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் புள்ள ஊருக்குப் போய்த் தூங்க வேணாமாடி?"

நடந்ததையெல்லாம் மாக்டாவுக்குச் சொன்னேன். அழுதாள். இதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டா, என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றாள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பரிகாரம் உண்டு. ஆனால் திருப்பிய மீனை என்ன செய்வதென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. யாரும் அதைத் திருப்பியதே இல்லையே. லுவா அக்கா அந்தத் தட்டைத் தொடவும் இல்லை, கொட்டவும் இல்லை. அப்படியே ஒரு கூடையால் மூடிவைத்தாள்.

மத்தியானம் முழுக்கக் கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. மாக்டாவும் தங்கியிருந்த இடத்துக்குப் போக மறுத்துவிட்டு, குழாயடியில் குந்திக் கிண்ணங்களைக் கழுவினாள். கழுவியதையே கழுவினாள். லுவா அக்கா யாருக்குமில்லாத அடுப்பை விசிறினாள். எதிர்வீட்டுப் பெட்டி இரையும்போதெல்லாம் விசிறி நிற்கும். அப்புறம் மறுபடி ஆடும். என்னிடம் ஒரே ஒரு முறை பேசினாள். திதிக்குச் சாமான் வாங்க வேண்டும், அப்பாவுக்கா இரண்டு பேருக்குமா என்று தெரியவில்லை என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் அலைதடுப்புச் சுவரிலிருந்து ஒரு கூச்சல். வயர்லெஸ்ஸில் ஒன்றும் வரவில்லை. கண்ணால் பார்த்த கூச்சல். ஒரு படகு இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்து வருகிறது. லுவா அக்கா எழுந்தாள், ஒரு அடி வைத்தாள், அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எனக்குக் கால் வரலை. நீ போய் எண்ணிட்டு வா."

ஓடினேன். கோயிலில் இருந்தவர்கள் எனக்கு முன்பே கரையில் நின்றார்கள். இழுத்து வரப்பட்டது டாங் அண்ணன் படகுதான். விளக்குகள் எல்லாம் உடைந்து போயிருந்தன. மேல்தட்டில் ஆறு தலைகள். திரும்ப எண்ணினேன். ஆறுதான். கோய் இருந்தான், கையில் துணி சுற்றியிருந்தது. டாங் அண்ணன் இல்லை. இதை எந்த வாயால் போய்ச் சொல்வது என்று நினைக்கும்போதே, இயந்திர அறையின் மூடி திறந்து, உடம்பெல்லாம் எண்ணெயும் கரியுமாக ஒரு ஆள் மேலே வந்து காறித் துப்பினார். என் தொப்பியைக் கழற்றிக் கடைப்பக்கம் பார்த்துப் பைத்தியக்காரிபோல ஆட்டினேன்.

அலை ஏறி இயந்திரம் நின்றிருக்கிறது. வயர்லெஸ்ஸும் நனைந்து போயிற்று. மிதந்து கிடந்தவர்களை இன்னொரு கணவாய்ப் படகுதான் பார்த்து இழுத்து வந்திருக்கிறது. பரிசலில் எல்லாரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். நியான் அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்த கையோடு டாங் அண்ணன் பக்கம் திரும்பினார். லுவா அக்கா அதற்குள் வந்திருந்தாள், கையில் விசிறியோடு கூட்டத்துக்கு வெளியே. அவளுக்குக் கேட்கும்படியாகவே அத்தை கேட்டார்:

"உன் பொண்டாட்டி உன் தட்டுல மீனைத் திருப்பிப் போட்டாளாம். தெரியுமா உனக்கு?"

டாங் அண்ணன் கழுத்தில் காய்ந்திருந்த உப்பைச் சொறிந்தார்.

"தெரியும் அத்தை. கை கழுவிட்டு வரும்போது ஜன்னல்ல பார்த்தேன்."

"பார்த்துட்டுமா படகேறினே?"

"திருப்பினதை மறுபடி திருப்பி வெச்சேன். முள்ளைத் தூக்கிட்டு மிச்சத்தையும் தின்னுட்டுத்தான் கிளம்பினேன். உப்புதான் கொஞ்சம் கம்மி."

அத்தை மகனின் கைக்கட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அக்காவோடு வந்திருந்த மாக்டா என் தோளைப் பிடித்து, அவர் என்ன சொன்னார் என்றாள். சொன்னேன். கேட்டதுதான் தாமதம், கடையைப் பார்த்து ஓடினாள். எதற்கு ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தட்டு இன்னும் கூடைக்கடியில்தான் இருந்தது.

லுவா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புருஷன் முன்னால் நின்றாள். விசிறியால் அவர் மார்பில் ஒன்று வைத்தாள்.

"அப்ப அந்தப் பூனையை நான் சும்மாவாய்யா அடிச்சேன்?"

அப்புறம்தான் அழுதாள்.