இராணிக்கு மச்சாள் செய்த சத்தியம்

பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் மச்சாள் எனக்கு இங்கிலாந்து ராசாவின் தலை வெட்டப்பட்ட கதையைச் சொன்னார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நியூசிலாந்தின் ஒக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சின்னக் குசினி. கொல்லக் கொண்டுபோன அன்று அந்த ராசா இரண்டு சட்டை போட்டிருந்தானாம். குளிரில் உடம்பு நடுங்கினால் சனம் அதைப் பயம் என்று நினைத்துவிடுமாம். மச்சாள் என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். ஒக்லாந்துக்கு அகதியாக வந்தபின் ஒடாஹுஹுவில், மரக்கறிகளைப் பொதி செய்யும் குளிர் அறையில் வேலை. காலையில் இரண்டு சுவெற்றரை மாட்டிக்கொண்டு, "ராசா வெளிக்கிட்டாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். நான் விஞ்ஞானம் படித்தவள். வரலாற்றைப் பரீட்சையோடு கைகழுவியவள். ஆனாலும் மச்சாள் கதை சொல்லத் தொடங்கினால் கறி அடிப்பிடிப்பதுகூடத் தெரியாது.

ராசாவைக் கடவுளே நியமித்தார் என்று ஊரெல்லாம் நம்பிய காலத்தில், "இல்லை, அது சனம் கொடுத்த பதவி, சனமே திருப்பி வாங்கலாம்" என்று எழுதத் துணிந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். அப்படி எழுதியவர்களில் சிலர் உயிருக்குப் பயந்து வேறு நாட்டுக்கு ஓடி ஒளிந்தார்கள் என்றும், அவர்களும் எங்களைப் போல அகதிகள்தான் என்றும் சொல்வார். பாரிஸ் என்று வந்துவிட்டால் குரல் இன்னும் ஒரு படி ஏறும். மாறுவேடத்தில் குடும்பத்தோடு தப்பி ஓடி, வழியில் பிடிபட்டு, பிறகு பாரிஸ் சதுக்கத்தில் தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு ராசாவின் கதையை மட்டும் நான் எத்தனையோ தரம் கேட்டிருப்பேன்.

பாரிஸின் மேல் அவருக்கு இன்னொரு பிடிப்பும் இருந்தது. அவருடைய ஒரே மகள் அங்கேதான் அகதியாகப் போய்க் கல்யாணம் கட்டியிருந்தாள். தாயும் பிள்ளையும் முகம் பார்த்து வருசக்கணக்காகியிருந்தது. இப்போது அவள் தலைப்பிள்ளைத்தாய்ச்சி. எங்கள் ஆக்களில் முதல் பேறு தாயின் பொறுப்பு. அதில் பேச்சே இல்லை. "நீங்கள் வராட்டி எனக்கு ஆரம்மா இருக்கினம்?" என்று ரெலிபோனில் அவள் அழுததை நானும் கேட்டேன். அகதிப் பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு விசா கேட்டபோது மறுத்துவிட்டார்கள். நியூசிலாந்து பாஸ்போர்ட் இருந்தால் விசாவே தேவையில்லை. குடியுரிமைக்கான அனுமதியும் எங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே கிடைத்திருந்தது. மிச்சம் இருந்தது சத்தியப்பிரமாணம் ஒன்றுதான்.

சொல்லவேண்டிய வாசகத்தை வாசித்துவிட்டு மச்சாள், "என்னால ஏலாது" என்றார். நியூசிலாந்துக்கும் இராணியான இங்கிலாந்து இராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று அதில் இருந்தது. கடவுள் பெயரை விட்டுவிட்டும் சொல்லலாம், இராணியை விடமுடியாது. என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயை அசைச்சுப்போட்டு வாங்கோ அக்கா. ஆர் கேக்கப் போயினம்?"

"பொய்ச் சத்தியம் பண்ணின கையாலயோ நான் அந்தப் பிள்ளையைத் தூக்கிறது?"

மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மச்சாள் வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார்; ராசாக்களின் கதையை மட்டும் நிறுத்திவிட்டார். வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் காயப்போடும்போது, பேச்சை எப்படியாவது தொடங்கவேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன். என் கேள்வியில் அறிவு ஒன்றும் இருக்கவில்லை.

"ஏன் மச்சாள், நாங்கள்தான் சத்தியம் பண்ணவேணுமோ? இந்த இராணி ஒருத்தருக்கும் ஒண்டும் பண்ணேல்லையோ?"

ஈரச் சீலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"பண்ணினவ. முடிசூடேக்கை பண்ணினவ. சட்டப்படிதான் ஆளுவன் எண்டு முதல்ல ராசாக்கள் சத்தியம் பண்ணவேணும். அதுக்குத்தானே அங்க அவ்வளவு சண்டை! வாரிசு ஆரெண்டு சொல்லுறதும் சட்டம்தான். இதை எத்தினை வருசம் படிப்பிச்சனான், எனக்கெல்லோ மறந்துபோச்சு. அவ தன்ரை பங்கைச் செய்திட்டா. இனி என்ரை முறை."

"அவ சொன்ன சொல்லுத் தவறினா?"

"தவறினா என்ன நடக்குமெண்டு அந்த ரெண்டு சட்டைக்காரனைக் கேளும்."

அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. மண்டபத்தில் பல தேசத்து ஆட்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, மச்சாள் காஞ்சிபுரம் உடுத்து, வகுப்பின் கடைசி வாங்குக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வாரிசுகளுக்குப் பிறகு வருகிற "சட்டத்தின்படி" என்ற சொல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கும் அன்று குரல் உயர்ந்தது. சாட்டுக்குச் சொல்லிவிட்டு வரப்போயிருந்த நான், ஒரு நாட்டுக்குப் பொறுப்பானவளாக வெளியே வந்தேன். அதற்காக மச்சாளுக்கு நான் பட்ட கடன் தீராது.

மச்சாள் பாரிஸில் போய் இறங்கி நாலாம் நாள் பேத்தி பிறந்தாள்.

இப்போது அந்த இராணியும் இல்லை, மச்சாளும் இல்லை. இன்று எங்கள் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வருகிற மருமக்கள் புது அரசரின் பெயரில் அதே வாசகத்தைச் சொல்கிறார்கள். அவர்களோடு மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் நான் மச்சாளின் கதையைச் சொல்வேன்.

பாரிஸிலிருந்து அவர் திரும்பி வந்த நாள் விமான நிலையத்திலேயே கேட்டேன், ராசாவின் தலையை எடுத்த அந்தச் சதுக்கத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று. இத்தனை வருசமும் அவர் வாயில் இருந்த இடமல்லவா? மச்சாள் என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எங்கயப்பா நேரம்? மகளின்ரை பெத்த உடம்புக்குச் சரக்குக்கறி வைக்கவேணும், பிள்ளையைக் குளிப்பாட்டவேணும். ராசா செத்து இருநூறு வருசமாச்சு. என்ரை பேத்தி இப்பதானே வந்தவள்!"