இரண்டாம் சரணத்தில் ஓடுகிறவர்

எண்பதுகளின் முதல் பாதியில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம் நிச்சயமான கையோடு அந்தோணிதாஸையும் மகாதேவாவையும் தேடிப் போவார்கள். அந்தோணிதாஸ் டிரம்ஸ், மகாதேவா பேஸ் கிட்டார். பாடுவது யாராக இருந்தாலும் சரி, தாளம் இவர்களுடையதாக இருந்தால் மூட்டுவலிக்காரர்கள்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

மற்றபடி இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்தோணிதாஸ் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, மாதா கோயில் பாடற்குழுவில் தாளம் தட்டிப் பழகியவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். மகாதேவா தோட்டக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பிள்ளை, தபால் நிலையத்தில் வேலை. சட்டைக்கு இஸ்திரி போடாமல் ஒத்திகைக்குக்கூட வரமாட்டார்.

எண்பத்து மூன்றில் இருவரும் மாதா கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, வெறும் தாளத்தையும் பேஸையும் மட்டும் ஒரு கேசட்டில் பதிந்தார்கள். பாடகர்கள் வீட்டில் போட்டுப் பழகட்டும் என்றுதான் செய்தார்கள். அது கைமாறிக் கைமாறி, யார் யாரோ படியெடுத்து, சபாக் பெர்ணம் வரைக்கும் போய்விட்டது.

அந்தோணிதாஸிடம் ஒரு கோளாறு உண்டு. இரண்டாம் சரணம் வந்துவிட்டால் அவர் கை வேகம் பிடித்து நில்லாமல் ஓடும். மகாதேவாவும் பேஸில் கூடவே ஓடிப்போய், பல்லவி வரும்போது அவரை இழுத்துப் பிடித்து நிறுத்திவிடுவார். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கேசட்டிலும் அப்படித்தான் ஓடினார். மறுபடி பதிவோம் என்று அந்தோணிதாஸ் சொன்னதற்கு மகாதேவா, "கிடக்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டார்.

எண்பத்தாறில் மகாதேவாவுக்குத் தெற்குக் கோடியில் இருக்கும் ஜொகூருக்கு மாற்றல் வந்தது. அதோடு அந்தோணிதாஸ் டிரம்ஸை லோரிப் படுதாவால் மூடிவிட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்களிடம் முதுகு வலி என்றார். முதுகுக்கு ஒரு கேடும் இல்லை, எல்லாம் பயம்தான். பிடித்து நிறுத்த ஆளில்லாமல் ஊர் முன்னால் ஓடினால், இத்தனை வருடம் சேர்த்த பெயர் ஒரே பாட்டில் காற்றில் போய்விடுமே என்ற பயம்.

தங்கை அகதாவிடம் மட்டும் அந்தச் சாக்கு எடுபடவில்லை. சபாக் பெர்ணம் பக்கத்துச் சுங்கை பெசாரில் அவள் மகளுக்குக் கல்யாணம்.

"தாய்மாமன் நீ இருக்க, வேற ஆள வைக்கவா? தைலம் நான் கொண்டாறேன், நீ வந்து ஒக்காருண்ணே!"

மண்டபத்துக்குப் போனால், உள்ளூர் பேண்டில் பேஸ் வாசிப்பது மவுரீன் என்ற இளம்பெண். மானம் போவதற்கு முன் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று அந்தோணிதாஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, ரெண்டாவது சரணத்துல எனக்குக் கை ஓடிரும். கொஞ்சம் பிடிச்சுக்க."

அவள் சிரித்துவிட்டாள். "ஏன் அங்கிள் பிடிக்கணும்? ஒங்க கேசட்டப் போட்டுத்தான் நாங்க எல்லாரும் பழகினோம். அந்த எடத்துல ஓடலன்னா எங்க பேண்டுல திட்டு விழும்லா!"

அவர் நம்பவில்லை. முதல் பாட்டு, இரண்டாம் சரணம், வழக்கம்போல் கை ஓடியது. கூடவே கீபோர்டு ஓடியது, கிட்டார் ஓடியது, மவுரீன் அவருக்கும் ஒரு எட்டு முன்னால் ஓடினாள். ஆடிக்கொண்டிருந்த கூட்டமும் தயாராக இருந்ததுபோல் வேகம் பிடித்தது. பல்லவியில் அத்தனை பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். அந்தோணிதாஸுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் ஜொகூருக்குப் போன் போட்டார்.

"மச்சான், நம்ம தப்ப இந்தப் பக்கம் பூரா வாசிக்கிறாங்கடா!"

மகாதேவா, "இஞ்ச என்னோட வாசிக்கிறவங்கள் ஒருத்தரும் ஓடுறாங்களில்லையடா," என்றார். "எல்லாம் சரியாத்தான் போகுது. எனக்குத்தான் வாசிக்கவே பிடிக்கேல்லை."

இத்தனை வருடமும் தான்தான் அவரைத் தொற்றிக்கொண்டிருந்ததாக அந்தோணிதாஸ் நினைத்திருந்தார்.

"கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து சேரு. முதுகு வலி போயிருச்சு."