டேவிட் அண்ணன் விட்ட பத்தி

ராயபுரத்தில் எங்கள் எழுத்தாளர் குழுவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் உரக்கப் படிக்க வேண்டும். என் முதல் கதை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் டேவிட் அண்ணனிடம் போனது. அவர் கதைகளை எவரும் பாராட்டியதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே எனக்கு அவர்மேல் ஐயம்.

பாதியில் நிறுத்தி, முன்வரிசையில் இருந்த என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். பிறகு, கணவனின் அடிக்குப் பயந்து ஒரு பெண் குளியலறையில் ஒளியும் பத்தியை விட்டுவிட்டு மேலே படித்தார். கதையின் உயிரே அதுதான். பொறாமையில் வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று உறுதியாக நம்பினேன்.

முடிந்ததும் தாளை வாங்கிக்கொண்டு, "அந்தப் பத்தியை ஏன் விட்டீங்க?" என்றேன்.

"மெதுவா பேசும்மா. பேரை மட்டுந்தான் மாத்திகீற. யாருன்னு நம்ம தெருவுக்கே தெரியும். நான் பாதி படிச்சினு இருக்கசொல்ல அந்தப் பொண்ணே வந்து பின்னாடி குந்திச்சு."

திரும்பினேன். கடைசி வரிசையிலிருந்து அடுத்த வீட்டு மேரியக்கா எழுந்து வந்தார்.

"உன் கதைன்னு வேலைக்கு லீவு போட்டுகினு வந்தேன். நல்லா கீதும்மா."

அந்தப் பத்தியை ஏழு முறை திருத்தியிருந்தேன். எழுதலாமா என்று மேரியக்காவிடம் ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.