மரத்தில் ஏறிய வெர்லின்

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷனுக்கு மான் வேட்டை ஆசை வந்தால் யார் என்ன செய்ய முடியும்? வெர்லினுக்கு வந்தது. வட விஸ்கான்சினில் நவம்பரில் மான் வேட்டைக்கு அனுமதி உள்ள அந்த ஒன்பது நாளும் ஊரில் ஆம்பிளை வாடையே இருக்காது. வாத்தியார், பாதிரியார், பல் டாக்டர் எல்லோரும் தூரத்திலேயே கண்ணில் படும் ஆரஞ்சு நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். தீவனக் கடையில் வெர்லின் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் நிற்பான். "என்ன வெர்லின், ஆர்டிஸ் இன்னும் அவுத்து விடலையா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்பான். முப்பது வருஷம் கேட்டார்கள் பாவிகள்.

ஆர்டிஸ் அவன் மனைவி. அவளைக் குறை சொல்லி என்ன? அவள் அண்ணன் டுவைட்டை இருபத்தாறு வயதில், கூட வேட்டைக்குப் போனவனே மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டான். "வேற எது வேணா கேளு, காட்டுக்கு மட்டும் போகாத" என்பாள். வெர்லின் விடுவானா? இரண்டு வருஷம் நச்சரித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நன்றாக இருந்த சூப்பில் உப்பில்லை என்றான். கடைசியில் ஒருநாள் அவள் மாடிக்குப் போய், போர்வையில் சுற்றி வைத்திருந்த டுவைட்டின் துப்பாக்கியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் போட்டாள்.

"இந்தா, போய்த் தொலை. ஆனா உன்னக் கூட்டிட்டுப் போற ரோமன் திரும்ப வந்து கூப்பிடுற வரைக்கும் மரத்தை விட்டு இறங்கக் கூடாது. நடமாடுறவனத்தான் மான்னு நெனச்சுச் சுடுறானுங்க. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினான். அவள் அழுதாள்.

அந்த சத்தியம்தான் முதல் நாளே அவன் கழுத்தைப் பிடித்தது. விடியும் முன்பே பதினைந்து அடி உயரத்தில், இரண்டு பலகை மேல் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டான் ரோமன். வேட்டைக்காரர்கள் தங்கும் குடிலின் பெரிய தலை அவன். சாயங்காலம் நாலரைக்குத்தான் வருவான். எட்டு மணிக்குக் கால் மரத்துவிட்டது. ஒன்பதுக்குக் காப்பி தீர்ந்தது. பத்துக்கு அந்தக் காப்பி வெளியே வரத் துடித்தது. பதினொரு மணிக்கு வெர்லினுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. அவனுக்கு இது பிடிக்கவே இல்லை.

அப்போது பார்த்து வந்தது மான். எட்டுக் கிளைக் கொம்பு. மரத்தடியில் நின்று காதைச் சொறிந்துகொண்டது. துப்பாக்கியைத் தூக்கினான். விரல் அசையவில்லை. அசையவே மாட்டேன் என்றது. மான் சாவகாசமாக நடந்து போய்விட்டது.

போனதும்தான் பயம் பிடித்துக்கொண்டது. பனியில் தடம் அப்பட்டமாகக் கிடக்கிறது. ரோமன் வந்து பார்த்தால் என்ன சொல்வது? வெர்லின் கீழே கிடந்த அடிக்கட்டையைக் குறிவைத்து ஒரு வெடி வெடித்தான்.

"யோவ், இருபது அடியிலயா கோட்ட விட்ட?" என்று, நாலரைக்கு வந்து தடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான் ரோமன். குறி தவறினவன் சட்டையின் பின்பக்க நுனியைக் கத்தரித்து, பேரெழுதிச் சுவரில் ஆணியடிப்பது குடிலில் வழக்கம். அங்கே தங்கியிருந்த மற்ற ஏழு பேரும் கூச்சல் போட, கத்தரி ஓடியது. வெர்லினும் சேர்ந்து சிரித்தான். உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போனான். மறுநாளும் அதே பலகை, அதே குளிர். நல்லவேளை, எந்த மானும் வரவில்லை.

திங்கட்கிழமை கடை திறக்க வேண்டுமென்று ஞாயிறு சாயங்காலம் கிளம்பினான். வண்டியில் வழி நெடுக ஒத்திகை பார்த்தான். 'ஆர்டிஸ், எனக்கு இது ஒத்துவரல. நீ சொன்னதுதான் சரி.' அவ்வளவுதான், சொல்லிவிட்டால் விடுதலை.

கதவைத் திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கத்தரித்த சட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து கல்லறைக்குப் போனேன்" என்றாள். "அவனப் பொதச்சதுக்கப்புறம் அந்தப் பக்கமே போனதில்ல. 'டுவைட், உன் துப்பாக்கிய எடுத்துட்டு ஒருத்தன் போயிருக்கான், அவனத் திருப்பி அனுப்பு'ன்னு கேட்டேன். நீ வந்துட்ட. எனக்கு நெஞ்சுல இருந்த கல்லு எறங்கின மாதிரி இருக்கு. வருஷா வருஷம் போய்ட்டு வா வெர்லின். எனக்காகப் போ."

அந்த முகத்தைப் பார்த்து 'ஒத்துவரல' என்று வெர்லின் எப்படிச் சொல்வான்?

"போறேன்" என்றான்.

"இப்பவே ரோமனுக்குப் போன் போடு. குடில்ல உன் கட்டில வேற எவனுக்காவது குடுத்துடப் போறான்."

போட்டான். "வாய்யா, தாராளமா வா! பழைய சட்டையா போட்டுட்டு வா!" என்று மறுமுனையில் ரோமன் இடி இடியென்று சிரித்தான். ஆர்டிஸ் பக்கத்தில் நின்று அவன் தோளில் கை வைத்திருந்தாள். தன் குடும்பத்து ஆயுள் கணக்கில் இன்னும் எத்தனை வருஷம் மரம் ஏற முடியும் என்று வெர்லின் யோசித்துப் பார்த்தான். அவன் அப்பா எண்பத்தொன்று வரை ஏணி ஏறி ஆப்பிள் பறித்தவர்.