தீப்பெட்டிப் படங்களும் தினம் ஒரு விதியும்

பொள்ளாச்சிக்கு மேற்கே எல்லை தாண்டி இருக்கிற சித்தூரில் எனக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, மாட்டுத் தீவனம் விற்கிறேன். அதோடு தீப்பெட்டிப் படங்கள் சேர்க்கிறேன். பெட்டியின் மேல் ஒட்டும் சின்னப் படம், பண்டலின் மேல் ஒட்டும் பெரிய படம் இரண்டையும் எங்கள் ஆட்கள் லேபிள் என்றுதான் சொல்வார்கள். கிளி, கத்தரி, ரயில், சைக்கிள் ஓட்டும் பெண் என்று எல்லாம் உண்டு. அச்சகத்தில் சிவப்பு மை கொஞ்சம் தள்ளி விழுந்து, கிளியின் மூக்கு அதன் கழுத்தில் இருக்கும்படி ஒன்று கிடைத்தால் எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு பெருநாள் லீவில் வந்தபோது, என் போனில் பழைய பொருள்களை விற்று வாங்கும் ஓர் ஏலத் தளத்தைப் போட்டுக் கொடுத்தாள். உள்ளே போன பிறகுதான் இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. சாத்தூரில் ஒருவர், மைசூரில் ஒருவர், எங்கோ வடக்கே ரயில்வேயில் ஒருவர். ஒரு லேபிளைப் போட்டால் பத்துப் பேர் வந்து பார்த்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு அப்படி ஒரு கூட்டம் கிடைத்தது.

அதில் ஒருவர் மட்டும் என்னை விடமாட்டார். புலிப் படம் எது வந்தாலும் கடைசி நேரத்தில் என்னை முந்தி எடுத்துவிடுவார். ஒரு பூவின் பெயரும் மூன்று எண்களும்தான் அவருடைய அடையாளம். எனக்கு நல்ல கோபம். ஒருநாள் அவரிடமிருந்தே செய்தி வந்தது.

“பாய்ற புலி எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணை உங்களுக்குத் தாரேன். சும்மா அடிச்சிக்கிட வேண்டாம்.”

அப்படித்தான் பழக்கம் ஆனது. மூணாறுக்குக் கிழக்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருப்பதாக எழுதினார். மழை பெய்தால் எழுதுவார், யானை இறங்கி பஸ் வரவில்லை என்றால் எழுதுவார். லேபிளைப் பெட்டியிலிருந்து பிரிக்க வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பான நீர்தான் வேண்டும், செய்தித்தாளில் வைத்துக் காயவிட்டால் மை ஒட்டிக்கொள்ளும் என்று அவர்தான் சொன்னார். ஒருவருக்கொருவர் போன் நம்பர் கொடுத்துக்கொள்ள முடியவில்லை. செய்தியில் நம்பர் எழுதினால் தளமே அழித்துவிடும், எழுத்தில் எழுதினாலும் பிடித்துவிடும். கணக்கை மூடிவிடுவோம் என்று எச்சரிக்கையும் வரும். பார்சலும் அவர்கள் கிடங்கு வழியாகத்தான் போகும். யார் அனுப்பியது, எங்கிருந்து என்று எதுவும் அதில் இருக்காது.

பிறகு விதிகள் மாறத் தொடங்கின. முதலில், படத்தின் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார்கள். பழைய படங்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். அது முடிந்ததும், பக்கத்தில் அளவுகோல் வைக்க வேண்டும் என்றார்கள். அதையும் வைத்தேன். அடுத்து, இரண்டு பக்கத்தையும் திருப்பிக் காட்டி வீடியோ எடுக்கச் சொன்னார்கள். நான் மாடியில் வெயிலில் குத்தவைத்து லேபிளைத் திருப்ப, என் மனைவி போனைப் பிடித்தாள்.

“கல்யாண வீடியோவுக்குக்கூட நீங்க இப்படி நிக்கலியேங்க” என்றாள்.

தளத்துக்காரர்களைக் குற்றம் மட்டுமே சொல்ல மாட்டேன். கலர் ஜெராக்ஸ் எடுத்து அசல் என்று விற்றவர்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு வேலி வேண்டும்தான். ஆனால் அந்த வேலி எங்களைத்தான் முதலில் குத்தியது. ஏலம் கேட்பவரின் அடையாளத்தை மறைக்கிறோம் என்று ஒரு விதி வந்தது. பெயர் இருந்த இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள். அந்த வாரம் ஒரு யானை லேபிளுக்கு யாரோ என்னோடு விடாமல் மல்லுக்கு நின்றார்கள். நானும் விடவில்லை. ஜெயித்த பிறகு எஸ்டேட்காரரிடமிருந்து செய்தி வந்தது: “யானையை எவனோ ஒரு பாவி தூக்கிட்டுப் போயிட்டான்.” அந்தப் பாவி நான்தான் என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது.

அவரிடம் ஒரு பறவை வரிசையில், தலையில் விசிறிக் கொண்டை வைத்த கொண்டலாத்தி மட்டும் இல்லை. என்னிடம் அது இரண்டு இருந்தது. அவருக்கென்று ஒதுக்கித் தளத்தில் ஏற்றுகிறேன் என்று எழுதி, ஏற்றியும் விட்டேன். மறுநாள் காலை கடை திறந்து போனைப் பார்த்தால் என் லேபிள்கள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: தீப்பற்றும் பொருள், விற்பனைக்குத் தடை.

புதிதாக வந்த விதியாம். தீப்பெட்டி என்ற சொல் இருந்தாலே இயந்திரம் தூக்கிவிடுகிறது. சரி என்று ‘பழைய படத் தாள்’ என்று மாற்றிப் போட்டேன். தவறான தலைப்பு என்று அதையும் எடுத்துவிட்டார்கள். உதவி எண்ணில் தமிழுக்கான பொத்தானை அமுக்கி, பாட்டுக் கேட்டுக் காத்திருந்தேன். ஒரு பெண் பேசினாள்.

“சார், பெட்டிக்குள்ள குச்சி இருக்குங்களா?”

“பெட்டியே இல்லீங்கம்மா. மேல ஒட்டுற காகிதம் மட்டும்.”

“காகிதம் தீப்பிடிக்கும்ல சார்?”

“அப்போ நீங்க விக்கிற புத்தகம் பிடிக்காதுங்களா?”

அவள் குரலைத் தாழ்த்தி, “எனக்குப் புரியுது சார். ஆனா சிஸ்டம் எடுத்துட்டா எங்களால திருப்பிப் போட முடியாது” என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் பூராவும் என்னைப் போல எத்தனை பேரிடம் பேச்சு வாங்குகிறாளோ. மறுபடி ஏற்றிப் பார்த்தேன். அத்தோடு கணக்கையே முடக்கிவிட்டார்கள். பழைய செய்திகள் எல்லாம் போயின. எஸ்டேட்காரரைத் தேட ஒரு பூவின் பெயரைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. கொண்டலாத்தியைத் தருகிறேன் என்று சொல்லி ஓடிப்போனவன் என்று நினைத்திருப்பார். அதுதான் மனதை அறுத்தது. கடையில் பொட்டலம் கட்டும்போதுகூட அதே நினைப்பு.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு மத்தியானம் கடை போன் அடித்தது. பெண் குரல்.

“சித்தூர் மளிகைக் கடைங்களா? தீப்பெட்டிப் படம் சேக்குற அண்ணாச்சி நீங்கதானா?”

“ஆமாங்க. நீங்க யாருங்க?”

“நாந்தான் அண்ணாச்சி, கொண்டலாத்தி கேட்டது.”

இத்தனை நாளும் அவரை ஒரு ஆண் என்றே நினைத்திருந்தேன். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

“நம்பர் எப்படிங்க கெடச்சுது?”

“நீங்க லேபிளுக்கு அடியில வெள்ளையா வச்சுப் படம் எடுத்தீங்களே, அது உங்க கடைக் காலண்டரோட பின்பக்கம்லா? வெயில்ல அந்தப் பக்கத்து எழுத்து மங்கலாத் தெரிஞ்சுது. நான் சேமிச்சு வச்சிருந்த படத்தைக் கண்ணாடியில காட்டித் திருப்பி வாசிச்சேன். ஒரு எண்ணு மட்டும் புரியல. ஒவ்வொண்ணா மாத்திப் போட்டு அடிச்சேன். நாலஞ்சு பேருகிட்ட ஏச்சு வாங்கிட்டுதான் உங்களப் பிடிச்சேன்.”

நான் சிரித்த சிரிப்பில் தீவனம் வாங்க வந்தவர் பயந்துவிட்டார்.

பொள்ளாச்சியில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு வருவதாகச் சொன்னார். விசேஷத்துக்கு மறுநாள், இருவருக்கும் நடுவழியான மீனாட்சிபுரத்தில் பார்ப்பதாகப் பேச்சு. என் மனைவி, “பொம்பளைன்னு இப்பத்தான் தெரியுமாக்கும்” என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானும் வருவதாகப் புடவை மாற்றினாள்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். அவருக்கு மெலிந்த உடம்பு, தோளில் பெரிய பை, என்னைவிடக் கொஞ்சம் இளையவர். டீ வருவதற்குள் இருவரும் ஆல்பத்தைத் திறந்துவிட்டோம். அவருடைய கணக்கும் போய்விட்டதாம், ஆனால் வேறு விதியில்: அடையாளச் சான்று காட்ட வேண்டும் என்ற விதி.

“ரேஷன் கார்டுல அப்பா பேரோட முதல் எழுத்து எம் பேருக்கு முன்னால, பாங்குல பின்னால. ரெண்டு பேரும் வேற ஆளுன்னுட்டான். ஒரே ஆளுதான்னு வில்லேஜ் ஆபீஸ்ல எழுதி வாங்கி அனுப்புனேன். மலையாளத்துல இருக்கு, இங்கிலீசுல வேணும்னான். அதையும் அலைஞ்சு வாங்கிட்டு வந்தா, விதி மாறிட்டு, இது செல்லாதுங்கான்.”

“நான் தீப்பிடிச்சுப் போனேன், நீங்க ரெண்டா உடைஞ்சு போனீங்க” என்றேன். என் மனைவிதான் முதலில் சிரித்தாள்.

கொண்டலாத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொண்டையைச் சுற்றிய கறுப்புக் கோட்டை விரல் படாமல் தடவுவதுபோலக் காட்டினார். அந்த நேரம் பார்த்து, வெக்கையாக இருக்கிறதே என்று பேக்கரிக்காரர் மின்விசிறியைப் போட்டார். மேசைமேல் இருந்த லேபிள்கள் எல்லாம் பறந்தன. ரயில் பன்னுக்குமேல் விழுந்தது. கிளிகள் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயின. நாங்கள் இருவரும் கத்திக்கொண்டு ஓடினோம். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அந்த வழியே வந்த இரண்டு விவசாயிகள் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒருவர் கையில் இருந்த லேபிளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, இதை வெச்சு என்னங்க பண்றது?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: “ஒண்ணும் பண்றதுக்கில்லீங்க. பாத்தா நல்லாயிருக்கும், அவ்வளவுதானுங்க.”

அவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண் கலங்கியிருக்கும். அந்த விவசாயி இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “நல்லாத்தானுங்க இருக்குது” என்று கொடுத்தார்.

சில மாதம் கழித்துத் தளத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. காலிப் பெட்டிகளுக்கும் லேபிள்களுக்கும் தடை நீங்கியது, ஓர் உறுதிமொழியை ஏற்றால் கணக்கு திரும்பக் கிடைக்கும் என்று. ஏற்றுக்கொண்டேன். மைசூர்க்காரரையும் சாத்தூர்க்காரரையும் விட மனமில்லை. ஆனால் பழைய செய்திகள் திரும்பவில்லை, வாங்கியவர்கள் எனக்குப் போட்டிருந்த மதிப்பெண்ணும் பூஜ்யத்தில் நிற்கிறது. புது ஆள் மாதிரி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். எஸ்டேட் அம்மா திரும்பப் போகவில்லை. “போதும் அண்ணாச்சி, நான் ஒரே ஆளுதான்னு எத்தனை பேருகிட்ட சொல்ல?” என்கிறார்.

அவர் பொள்ளாச்சிக்கு வரும்போதெல்லாம் மீனாட்சிபுரத்தில் சந்திக்கிறோம். வேலந்தாவளம் சந்தைக்கு வரும் மாட்டு வியாபாரி ஒருவரும் இப்போது சேர்ந்திருக்கிறார். போன தடவை அவர் கொண்டுவந்த மயில் லேபிளுக்கு நானும் எஸ்டேட் அம்மாவும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். பேக்கரிக்காரர் ஒரு காசைச் சுண்டிப் போட்டார். மயில் மூணாறுக்குப் போயிற்று. நான் அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரும்வரை யாரோடும் பேசவில்லை. என் மனைவி பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என் மடியில் வைத்தாள்.