அறுபத்திரண்டரை கிலோ

என் வீட்டுக்காரர் திருமழிசைப் பக்கம் ஒரு எடை மேடையில் இருபத்தாறு வருஷம் லாரிகளை நிறுத்தி எடை போட்டவர். வண்டி மேடைமேல் ஏறியதும் சீட்டு அடித்துக் கொடுத்துவிட மாட்டார். எழுந்து போய் நாலு பக்கமும் சுற்றிப் பார்ப்பார். ஒரு சக்கரம் அரைச் சாண் வெளியே நின்றாலும் எடை குறைத்துக் காட்டுமாம். "இன்னா அண்ணாத்தே, எங்கிட்டயேவா? ஏத்து வண்டிய!" என்று அவர் போடுகிற சத்தம் எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் கேட்கும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன வருஷம் ஆடியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நூம்பலில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் பொறுமையாகத்தான் விளக்கினார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் சும்மா நடுங்குகின்றனவாம். கீழ் அறை தளர்ந்து பெருத்துவிட்டதால் ரத்தத்தை முழுசாகத் தள்ள முடியவில்லையாம். இது அதைக் கெடுக்கிறது, அது இதைக் கெடுக்கிறது. கரண்ட் வைத்துத் துடிப்பைச் சரிசெய்து பார்த்தார்கள். ஒன்பது நாள் ஒழுங்காக ஓடிய துடிப்பு பத்தாம் நாள் பழையபடி தாறுமாறானது. இன்னொரு தடவை வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "சரி பண்ணாலும் நிலைச்சு நிக்காதும்மா. ரொம்பப் பெருத்துடுச்சு," என்றார்.

அப்புறம் மாத்திரைகள்தான். ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, துடிப்பின் வேகத்தை அடக்க ஒன்று, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒன்று, இன்னும் இரண்டு. உப்பு குறைச்சல். தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒன்றரை லிட்டர். "தினமும் காலைல எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி. உடனே கூட்டிட்டு வந்துடுங்க," என்றார் டாக்டரம்மா.

எடை என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத்த எங்கிட்ட வுடுங்கம்மா." மிஷின் வாங்கி வந்து, தரை சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஜன்னலுக்குக் கீழே வைத்தார். காலையில் அவர் அதன்மேல் ஏறுவார். நான் அடுப்படியில் இருந்தே கேட்பேன்.

"எவ்ளோயா?"

"அறுபத்திரண்டரை!"

காலண்டர் கட்டத்தில் எழுதுவேன். மூன்று வாரம் அதே அறுபத்திரண்டரை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதற்கிடையில் அவர் கால் வீங்கியது, செருப்பு நுழையவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியதால் தலையணை ஒன்று போய் மூன்றானது. கேட்டால், "புயுக்கம்மே" என்று புழுக்கத்தின்மேல் பழியைப் போடுவார். விரலால் அழுத்தினால் குழி விழுகிற காலைக் கண்ணால் பார்த்துவிட்டு, காலண்டரை நம்பினேன் நான். எடை விஷயத்தில் இந்த மனுஷன் பொய் சொல்லுவான் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகையில் காலண்டர் தாளைக் கிழித்துப் பெருமையாக எடுத்துப் போனேன். அங்கே மிஷின் அறுபத்தெட்டு காட்டியது. எனக்கு வந்ததே கோபம்.

"உங்க மிஷின் ரிப்பேரும்மா! இவரு யாரு தெரியுமா? எட மேடையில இருந்தவரு! இவரு கணக்கு தப்பாது!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மட்டும் நிமிரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலண்டர் தாளை மடித்து இடுப்பில் செருகினேன்.

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"இன்னாயா பண்ண?"

"ஜன்னல்ல கைய ஊனிக்கினேன்."

"இன்னாத்துக்கு?"

"ஏறிச்சின்னா இங்க இட்டாந்து போட்ருவ." மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னார். "அதுவுமில்லாம, அத்த நீ எய்தும்போது உன் மூஞ்சிய நான் பாக்கணுமேமே."

திட்டுவதற்கு என்னிடம் வார்த்தைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அன்றைக்கு அவர் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன்.

அந்தத் தடவை நீரை இறக்கி அனுப்பினார்கள். பிறகு இரண்டு தடவை சேர்த்தோம். தை பிறந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்தைக் கூட்டினால் சிறுநீரகம் தாங்காது, கூட்டாவிட்டால் நீர் தேங்கும், இனிமேல் ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்றார். வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எடை பார்க்கணுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க இஷ்டம்மா," என்றார். இவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

எடை பார்ப்பதை விட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் தினமும் பார்க்கிறோம். இப்போதெல்லாம் நான் பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொள்கிறேன், விழுந்துவிடுவார். இன்று காலை மிஷின்மேல் ஏறினார். முள் எழுபதைத் தாண்டியது. அவர் கை மெதுவாக நகர்ந்து ஜன்னல் விளிம்பில் ஊன்றியது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

இருபத்தாறு வருஷம் அவர் போட்ட சத்தத்தை நான் போட்டிருக்கவேண்டும். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தபடி, காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எவ்ளோயா?"

"அறுபத்திரண்டரைமே."

சிரித்த முகமாக வைத்துக்கொண்டு எழுதினேன்.